பெரட்டில் நிற்காதவர்கள்

சுங்கை சிப்புட்
2 மார்ச் 2025

தர்மா,

எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியர் மூன்று பேரை நீ விழுங்கிவிட்டாய். இதை முதலில் எழுதினால்தான் மற்றதைக் கேட்கக் கை வரும். இப்போது கேட்கிறேன். நலமா? நெஞ்செரிச்சல் குறைந்ததா? காஜாங் அறையில் காலையில் தண்ணீர் வருகிறதா? இங்கே நான் நலம். உன் மச்சான் வழக்கம்போல லூமுட்டில், கப்பல் பட்டறையில் வெல்டிங். சனிக்கிழமை வருகிறார், ஞாயிற்றுக்கிழமை போய்விடுகிறார்.

பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆகிறது. பெரிய வாத்தியார் முத்துராமன் சார் மாவட்டக் கூட்டத்துக்குப் போய்த் திரும்பி வந்தார். "நம்மகிட்ட ஒரு ஆள் கூடுதலா இருக்காம் லா டீச்சர்" என்றார்.

"எங்க சார், அல்மாரிக்குள்ளயா?" என்று குமுதா டீச்சர் கேட்டார். நாங்கள் சிரித்தோம்.

கணக்குப்படி ஆலடித் தோட்டப் பள்ளியில் ஏழு ஆசிரியர். பிள்ளைகள் இருபத்தொன்பது பேர்தான், ஆகவே ஏழில் ஒருவர் அதிகமாம். அந்த ஏழில் விமலா டீச்சரை ஈப்போவில் ஒரு பெரிய பள்ளிக்கு இரவல் கொடுத்து மூன்றாவது வருடம். விக்னேஸ்வரன் சாரைக் கணினி வேலைக்கென்று மாவட்டத்தில் வைத்துக்கொண்டார்கள். ராஜு சார் வாதம் வந்து படுத்திருக்கிறார். மிச்சம் பெரிய வாத்தியார், குமுதா டீச்சர், மலாய் கற்பிக்கும் சிகு சல்மா, நான். நால்வர்.

அடுத்த ஐந்து வருடத்துக்கு எந்தப் பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் வேண்டும் என்று கணிக்கிற பிரிவில் நீதான் இருக்கிறாய். காம்பாரில் நீ புள்ளியியல் படித்தபோது வாரா வாரம் சோறு கட்டிக் கொடுத்தவள் கேட்கிறேன். அந்த மூன்று பேர் எங்கே?

வாட்ஸ்அப்பில் இதைக் கேட்கப் பயமாக இருக்கிறது. போன வருடம் ஒரு டீச்சர், பள்ளிக் கழிப்பறைக் கதவு உடைந்திருப்பதைப் படம் பிடித்துப் போட்டார். அது குழுக் குழுவாகச் சுற்றி வந்து, அவரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார்கள். காகிதம் அப்படிச் சுற்றாது. படித்ததும் கிழித்துப் போடு.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா
கலாதேவி


காஜாங்
16 மார்ச் 2025

பாசமுள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பார்த்ததும் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நின்றபடியே பிரித்தேன். கடிதம் வந்தாலே இப்போது அப்படித்தான் தோன்றுகிறது. நான் நலம். தண்ணீர் வருகிறது. நெஞ்செரிச்சலும் வருகிறது. மச்சானைக் கேட்டதாகச் சொல்.

நான் யாரையும் விழுங்கவில்லை. ஒரு பிள்ளை பிறந்தால் ஏழாவது வயதில் பள்ளிக்கு வரும். இந்த ஆண்டு பிறப்பை வைத்து 2032-இல் எத்தனை பேர் முதலாம் ஆண்டில் உட்காருவார்கள் என்று பார்க்கிறோம். அதில் எத்தனை பேர் தமிழ்ப்பள்ளிக்கு வருவார்கள், எத்தனை வகுப்பு, எத்தனை ஆள், யார் யார் ஓய்வு பெறுவார்கள். அவ்வளவுதான் என் வேலை. யார் எந்த நாற்காலியில் உண்மையில் உட்கார்ந்திருக்கிறார் என்பது எனக்கு வருவதில்லை. அந்த மூன்று பேர் சம்பளம் உங்கள் பள்ளிப் பெயரில் போகிறது. சம்பளம் எங்கே போகிறதோ ஆள் அங்கே இருக்கிறார்.

இரவல் போனவர்களைக் கழிக்க ஓர் இடமே இல்லை அக்கா. எங்கள் மேலதிகாரியிடம் ஒரு தரம் கேட்டேன். "ஒரு பள்ளிக்குக் கழிச்சா எல்லாப் பள்ளிக்கும் கழிக்கணும், அப்புறம் மொத்தக் கணக்கும் கிழிஞ்சிரும்" என்று சொல்லிச் சிரித்தார். என் ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது. புதுப்பிப்பது அவர் கையில்.

ஆனாலும் பார்க்கிறேன்.

தம்பி
தர்மேந்திரன்


சுங்கை சிப்புட்
6 ஏப்ரல் 2025

தர்மா,

எல்லாரும் சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். கடைகளில் எண்ணெயில் மிதக்கிற ரொட்டியைக் காலை, மாலை தின்னாதே.

அப்பா பால்மரம் வெட்டிய காலத்தில், விடியுமுன் பெரட்டுக் களத்தில் வரிசையில் நிற்க வேண்டும். கங்காணி வந்து தலையை எண்ணுவார். பெரட்டில் நிற்காதவனுக்கு அன்றைக்குப் பெயர் இல்லை. வெள்ளைக்காரன் கொடுமைக்காரன்தான், ஆனால் அவனுக்கு எண்ணத் தெரிந்திருந்தது. உங்கள் பெரட்டில் நிற்காதவனுக்குத்தான் பெயர். நிற்கிறவளுக்கு வேலை.

எங்கள் வகுப்பு எப்படி நடக்கிறது என்று உனக்குத் தெரிய வேண்டும். முதலாம், இரண்டாம் ஆண்டு ஓர் அறை. மூன்றும் நான்கும் ஓர் அறை. ஐந்தும் ஆறும் ஓர் அறை. பெரிய வாத்தியார் பாதி நாள் கூட்டத்தில் இருப்பார். ஒருவர் விடுப்பு எடுத்தால் ஓர் அறையில் ஆள் இல்லை. ஜன்னலுக்கு வெளியே எண்ணெய்ப்பனை, கைநீட்டினால் மட்டை தொடும். பகலிலேயே உள்ளே இருட்டு. தோட்டத்து லயங்களில் இப்போது தமிழர் யாரும் இல்லை. வங்காளதேசத்து ஆட்கள்தான் இருக்கிறார்கள், அவர்களும் பகலில் காட்டுக்குள் போய்விடுவார்கள். நம் பிள்ளைகள் டவுன் அடுக்குமாடி வீடுகளிலிருந்து பத்துமலை அண்ணனின் வேனில் வருகிறார்கள். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் மனிதர் இல்லை, காவலாளி இருக்கிற கேட்டும் பனைக்கு அந்தப் பக்கம். ஃபோனுக்குச் சிக்னலும் கேட்டருகில்தான்.

போன மாதம் முதலாம், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் ஆளில்லாத அறையில் வரைந்துகொண்டிருந்தபோது, புத்தகக் கூடைக்குப் பின்னால் நாகப்பாம்பு. ஒரு பெண் ஓடிவந்து, "டீச்சர், ஒருத்தர் உள்ள வந்து படுத்துருக்காரு" என்றாள். பாம்பின் பெயரைச் சொல்லக் கூடாதென்று அவள் வீட்டில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். நான் போய்ப் பார்க்கும்வரை பத்துப் பிள்ளைகள் அதனருகில் உட்கார்ந்திருந்தார்கள்.

சிகு சல்மா மே மாதத்தோடு மாற்றலாகிப் போகிறார். கணவர் திரங்கானுவில் இருக்கிறார், பாவம், எத்தனை வருடம்தான் கேட்பார். அவருக்குப் பதில் ஆள் வராது. நமக்குத்தான் ஆள் மிகுதியாயிற்றே.

ஒரு கேள்வி. உன் கணக்கில் பிரசவ விடுப்புக்கு என்ன வைத்திருக்கிறாய்? குமுதா டீச்சருக்காகக் கேட்கிறேன். யாரிடமும் சொல்லாதே.

அக்கா


காஜாங்
4 மே 2025

அன்புள்ள அக்கா,

பாம்பு விஷயத்தைப் படித்த இரவு தூங்கவில்லை. நீ காலணி போட்டுக்கொண்டு நட. உடம்பைப் பார்த்துக்கொள். தாமதத்துக்கு மன்னிக்கணும், இங்கே ஆண்டு நடுக் கணிப்பு ஓடுகிறது, ஞாயிறும் வேலை.

பிரசவ விடுப்புக்கு இடம் இருக்கிறது. நாற்பது வயதுக்குக் கீழே உள்ள பெண் ஆசிரியர்களில் ஆண்டுக்கு இத்தனை பேர் விடுப்பில் போவார்கள் என்று ஒரு சராசரி. உங்கள் பள்ளிக்கு அது கால் ஆளுக்கும் குறைவாக வருகிறது. அரை ஆளுக்குக் கீழே வந்தால் பூஜ்யம் ஆகிவிடும். மாவட்டம் முழுக்கக் கூட்டினால் முழு ஆட்கள் வருவார்கள், ஆனால் அவர்கள் பெரிய பள்ளிகளுக்குப் போவார்கள். அதனால் சிறிய பள்ளிகளில் யாரும் பிள்ளை பெறுவதில்லை என்று வைத்துக்கொள். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை, கணக்கு அப்படித்தான் நினைக்கிறது.

வழி ஒன்று உண்டு. குமுதா டீச்சர் எதிர்பார்க்கிற தேதியைப் போட்டுப் பெரிய வாத்தியாரிடம் இப்போதே எழுதிக் கொடுக்கட்டும். மாற்று ஆசிரியர் மனு நான்கு மாதம் முன்பாவது மாவட்டத்துக்குப் போக வேண்டும். தேதி இல்லாத மனுவை எடுக்க மாட்டார்கள்.

மச்சானுக்கு வணக்கம்.

தர்மா


சுங்கை சிப்புட்
25 மே 2025

தர்மா,

சுகம்தான். வெயில் தலையைப் பிளக்கிறது. உன் நெஞ்செரிச்சலுக்கு மோர் குடி, மாத்திரையை விடு.

குமுதா டீச்சர் எழுதிக் கொடுக்க மாட்டார்.

அவருக்கு முன்பு இரண்டு முறை தங்கியது. முதல் தடவை மூன்றாம் மாதத்தில் அவருடைய தம்பி சந்தோஷம் தாங்காமல் குடும்பக் குழுவில் கேக் படத்தோடு போட்டுவிட்டான். நாற்பது பேர் வாழ்த்துப் போட்டார்கள். அந்த வாரமே போய்விட்டது. இரண்டாவது தடவை மாமியார் பிறக்கப் போகும் மாதத்தைக் கணித்து, கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்லி வைத்தார். அதுவும் போய்விட்டது. படித்தவள் இப்படிப் பயப்படலாமா என்று நீ கேட்பாய். மருத்துவரும் அதையேதான் சொன்னார், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லையென்று. சம்பந்தம் இல்லாமலேயே இரண்டு தடவை அடக்கம் செய்தாயிற்று. இனிப் பிறக்காததை எண்ணுவதில்லை என்று வைத்திருக்கிறார். கிளினிக்கில் நர்ஸ் தேதி எழுதும்போதுகூட வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

பெரிய வாத்தியாருக்குக் கண் இருக்கிறது. "டீச்சர், ஏதாச்சும் கடிதம் குடுக்கணும்னா சுருக்கா குடுத்துருங்க. குடுக்காம நான் ஒன்னும் கேக்க முடியாது" என்கிறார். வேறெதையும் கேட்க மாட்டார். பத்துமலை அண்ணனும் கேட்க மாட்டார். நம் ஆட்களுக்குத் தெரிந்ததைத் தெரியாததுபோல் வைத்துக்கொள்ளத் தெரியும். அதுவும் ஒரு மரியாதை.

எனவே தேதி கேட்காதே. அந்த மூன்று பேரைக் கழி. அவர்களைக் கழித்தால் புது ஆள் தானாக வருவார், யாருக்கும் எந்தத் தேதியும் தேவைப்படாது.

சிகு சல்மா வெள்ளிக்கிழமை போய்விட்டார். பிள்ளைகள் அழுதார்கள். இப்போது நாங்கள் மூவர்.

அக்கா


காஜாங்
22 ஜூன் 2025

அக்கா,

எப்படி இருக்கிறாய்? இதைச் சம்பிரதாயத்துக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்கிறேன்.

குமுதா டீச்சர் என் கணக்கில் வேறோர் இடத்தில் இருக்கிறார். அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறவர்கள் வரிசையில். வயது ஐம்பத்தொன்பது.

கேக் படம் போட்ட தம்பியை எனக்குத் தெரியும். அந்தக் கேக் எந்தக் கடையில் வாங்கியது என்றுகூடத் தெரியும்.

ஒரு மாதமாக இதை எழுதாமல் இருந்தேன். எழுதினால் என்ன ஆகுமோ என்று எனக்கும் பயம் வந்துவிட்டது. சிரிக்காதே. நாள் முழுக்கப் பேராக் மாநிலத்துப் பிறப்புகளை எண்ணுகிறவன் நான்.

யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன். ஓய்வெடு. காரை நீயே ஓட்டாதே.

தர்மா


சுங்கை சிப்புட்
13 ஜூலை 2025

தர்மா,

நீ கண்டுபிடிப்பாய் என்று தெரிந்துதான் கேக்கை எழுதினேன் போலிருக்கிறது. சரி. உனக்குத் தெரியும். இனி அதற்குப் பெயர் வைத்துப் பேச வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை நடந்ததை எழுதுகிறேன். உன் மச்சானுக்குக்கூட முழுதாகச் சொல்லவில்லை. சொன்னால் வேலையை விட்டுவிட்டு வந்து உட்காருவார்.

பெரிய வாத்தியாருக்கு ஈப்போவில் கூட்டம். குமுதா டீச்சருக்குப் பாகான் செராயில் பயிற்சி. ஓய்வு பெறப் போகிறவருக்கு என்ன பயிற்சியோ. பள்ளியில் இருபத்தொன்பது பிள்ளைகளும் நானும். இடைவேளைக்கு முன் கழிப்பறைக்குப் போனேன். ரத்தம்.

அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேட்டுவரை நடந்தால் ஃபோன் செய்யலாம். நடந்தால் என்ன ஆகும் என்று தெரியாது. ஆறாம் ஆண்டுப் பெண்ணை அனுப்பலாம், பனைக்கு நடுவே தனியாக எப்படி அனுப்புவது? அப்படியே ஆம்புலன்ஸ் வந்து என்னைத் தூக்கிக்கொண்டு போனால் பிள்ளைகளை யாரிடம் விடுவது? காவலாளியிடமா?

எல்லாப் பிள்ளைகளையும் ஓர் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். நானும் உட்கார்ந்தேன். எழுந்தால் விழுந்துவிடும் என்று பயம். நான் விழுவதைச் சொல்லவில்லை. உட்கார்ந்தபடியே வாய்ப்பாடு சொல்லவைத்தேன். யாழினி என்று ஆறாம் ஆண்டில் ஒருத்தி, விவரம் தெரிந்தவள். "ஏன் டீச்சர் எந்திரிக்க மாட்டேங்கிறீங்க?" என்று கேட்டாள்.

"கால் வலிக்குதும்மா."

"ரெண்டு காலுமா?"

"ஆமாம்மா."

அவளே எழுந்து கரும்பலகைக்குப் போய் எட்டாம் வாய்ப்பாட்டை எழுதினாள். திரும்பத் திரும்ப அழித்து எழுதினாள். என்னைப் பார்க்காமலே எழுதினாள்.

பள்ளி விடும் நேரத்துக்கு வேன் வந்தது. பத்துமலை அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். "டீச்சர், ஏறுங்க. காரை நாளைக்கு எடுத்துக்கலாம்" என்றார். வேனில் எல்லாரும் ஒரே நடையில் ஏற முடியாது. சின்னப் பிள்ளைகளை முதலில் அனுப்பினேன். பெரியவர்களைத் தனியாக விட்டுப் போக முடியாது. இரண்டாவது நடையில்தான் நான் ஏறினேன்.

மருத்துவமனையில் துடிப்பு இருக்கிறது என்றார்கள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. படுத்தே இருக்கச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை மறுபடி பள்ளிக்குப் போனேன். நான் படுத்தால் மூன்று அறைக்கு இரண்டு பேர்.

திட்டாதே. வேலை செய். அந்த மூன்று பேரைக் கழி. என்னை எண்ணாதே, தேதி போடாதே. இல்லாதவர்களை இல்லை என்று எழுது. அவ்வளவுதான் கேட்கிறேன்.

அக்கா


காஜாங்
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை அலுவலகக் கழிப்பறையில் உட்கார்ந்து படித்தேன். பிறகு வெகுநேரம் வெளியே வரவில்லை. இப்போது எப்படி இருக்கிறது? ரத்தம் நின்றதா? மச்சானிடம் முழுதாகச் சொல்லிவிடு. தயவுசெய்து படு.

மேலதிகாரியிடம் பேசினேன். மூன்று பேர் விஷயம் மேலே போக வேண்டும், நாளாகும்.

நாளாகும் என்பதால் நானே ஒன்று செய்திருக்கிறேன். என் கைக்கு எட்டியதை வைத்துச் செய்தது. நல்லதுக்குத்தான். பலித்தால் உனக்கே தெரியவரும், அப்போது சொல்கிறேன்.

தர்மா


சுங்கை சிப்புட்
7 செப்டம்பர் 2025

தர்மேந்திரன்,

பலித்துவிட்டது. தெரியவந்தது.

வியாழக்கிழமை காலைச் சபை கூடியிருந்தபோது மாவட்டத்து அதிகாரி வந்தார். நம் ஆள்தான், நல்ல மனிதர், சிரித்த முகம். இருபத்தொன்பது பிள்ளைகள், பத்துமலை அண்ணன், பெற்றோர் நாலைந்து பேர். எல்லார் முன்னாலும் கையைக் கூப்பி வாழ்த்தி, "தஹ்னியா டீச்சர்! அக்டோபர் முப்பத்தொண்ணு, ஆமாதானே? சிஸ்டத்துல வந்துருச்சு. சொல்லவே இல்லயே லா நீங்க!" என்றார்.

பிள்ளைகள் கைதட்டினார்கள். கைதட்டச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். குமுதா டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். பத்துமலை அண்ணன் தரையைப் பார்த்தார். இத்தனை மாதமாக எல்லாரும் சேர்ந்து மூடி வைத்திருந்ததை, அந்த மனிதர் ஒரு நல்ல வார்த்தையில் திறந்துவிட்டார்.

தேதியை உனக்கு நான் சொல்லவில்லை. என் கடிதங்களையும் உன் மச்சான் வந்துபோன சனிக்கிழமைகளையும் வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறாய். நானும் வீட்டுக்கு வந்து, திரும்பிப் பார்க்காமல் வைத்திருந்த கிளினிக் புத்தகத்தை முதல் தடவையாகப் பிரித்துப் பார்த்தேன். மருத்துவர் போட்டதற்கும் நீ போட்டதற்கும் ஒரே ஒரு நாள் வித்தியாசம். கெட்டிக்காரன்.

உன் தேதியால் மாற்று ஆள் வருவார் என்று நினைத்திருப்பாய். கேள். அதிகாரி அலுவலறையில் உட்கார்ந்து சொன்னார். "டீச்சர் லீவுல போனா இங்க ரெண்டே பேரு. ரெண்டு பேர வெச்சிப் பள்ளி நடத்த முடியாது. அக்டோபர்லேருந்து பிள்ளைங்கள ஆத்துக்கு அந்தாண்ட தோட்டப் பள்ளிக்கு அனுப்புறோம். தற்காலிகம்தான்."

"அப்ப எங்க மத்த மூணு பேரு?" என்று கேட்டேன்.

"அவங்க கணக்குல இருக்காங்களே டீச்சர். அதனாலதான் மாத்து ஆள் குடுக்க முடியல."

"கணக்குல இருந்தா பள்ளிய நடத்தலாமே சார்."

"நெசத்துல இல்லயே டீச்சர்."

அவர் இதைச் சிரிக்காமல் சொன்னார். பெரிய வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

இல்லாத மூன்று பேரை இருக்கிறார்கள் என்று விட்டுவைத்தாய். இன்னும் பிறக்காததைப் பிறந்ததாக எழுதினாய். நான் கேட்டது இதற்கு நேர் மாறு.

அன்று மாலையே மறுபடி ரத்தம். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று மருத்துவர் சொல்வார். நீயும் சொல்.

கலாதேவி


காஜாங்
21 செப்டம்பர் 2025

அக்கா,

கடிதம் கிடைத்தது. உடம்பு எப்படி? இங்கே தினமும் மாலையில் மழை. நெஞ்செரிச்சல் அதிகமாகி ஒரு நாள் விடுப்பு எடுத்தேன். மோர் குடிக்கிறேன், நீ சொன்னபடி. உன்னை ஈப்போவில் சேர்த்துவிட்டு மச்சான் கூடவே இருப்பதாக ஃபோனில் சொன்னார், நிம்மதி. மருத்துவமனையில் எந்த வார்டு என்று எழுது. தீபாவளிக்கு வரப் பார்க்கிறேன், லீவு கிடைக்குமா தெரியவில்லை.

தர்மா


ஈப்போ
5 அக்டோபர் 2025

தர்மா,

மழையைப் பற்றி எழுதியிருந்தாய். இங்கேயும் மழைதான். ஈப்போ பெரிய மருத்துவமனையில், பிரசவத்துக்கு முன் படுக்க வைக்கிற வார்டில் ஜன்னலோரம் கிடக்கிறேன். உன் மச்சான் விடுப்பில் வந்து கீழே காரிடாரில் உட்கார்ந்திருக்கிறார். வெல்டிங் கையுறை இல்லாமல் அவர் கை என்ன செய்வதென்று தெரியாமல் இருக்கிறது. நீ உன் கடிதத்தில் ஒரு கேள்விக்கும் பதில் சொல்லவில்லை.

பிள்ளைகள் புதன்கிழமை முதல் ஆற்றுக்கு அந்தாண்டைப் பள்ளிக்குப் போகிறார்கள். பத்துமலை அண்ணன் நேற்று ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். பழைய வேன். அந்தப் பாதையில் பனங்குலை ஏற்றிய லாரிகள் இடம் கொடுக்காமல் வருமாம். "பாலத்துல ஒரு பக்கம் தடுப்பு இல்ல டீச்சர். நான் மெதுவாத்தான் போறேன். மழை வந்தா பிள்ளைங்கள கண்ண மூடிக்கச் சொல்றேன்" என்றார். பயந்த மனிதர் அல்ல அவர். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்கிறார்.

ஒன்பது பிள்ளைகளைப் பெற்றோர் நிறுத்திவிட்டார்கள். டவுனில் வேறு பள்ளியில் சேர்த்துவிட்டார்கள், நான் குறை சொல்ல மாட்டேன். இனி அடுத்த ஆண்டு உன் கணக்கில் ஆலடித் தோட்டத்துக்கு இருபது பிள்ளைகள். அதற்கடுத்த ஆண்டு பத்து. பிறகு உன் கணிப்பு எவ்வளவு துல்லியம் என்று உனக்கு ஒப்பந்தம் நீட்டிப்பார்கள். ஆளில்லாமல் செய்து, பிள்ளைகளை ஓடவைத்து, பிள்ளைகள் இல்லையே ஆள் எதற்கு என்று கேட்பதற்குப் பெயர் கணிப்பு. அடுக்குமாடியில் இருக்கிறவர்களின் பிள்ளைகள் என்பதால்தானே இதைச் செய்ய முடிகிறது? உன் மேலதிகாரியின் பிள்ளை படிக்கிற பள்ளியில் மூன்று ஆசிரியர் மூன்று வருடம் காணாமல் போனால் எத்தனை நாளில் கண்டுபிடிப்பீர்கள்?

யாழினியைக் கேட்டேன். முன் சீட்டில் உட்கார்ந்து சின்னப் பிள்ளைகளை எண்ணுகிறாளாம், ஏறும்போது ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை. உங்கள் பிரிவில் அவளுக்கு வேலை கொடுக்க மாட்டார்கள். இருக்கிறதை எண்ணுகிறவள்.

எனக்கு உன்மேல் உள்ள கோபம் தீர்ந்துபோகக்கூடியது. பயம்தான் தீரவில்லை. இரவெல்லாம் ஓர் இயந்திரம் என் வயிற்றைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. எங்கோ ஒரு திரையில் என் பெயருக்கு நேரே ஒரு தேதி எரிந்துகொண்டிருக்கிறது என்ற நினைப்பு போகவில்லை. தெரியாதவர்கள் அதைப் பார்க்கிறார்கள். பார்த்து, கூட்டி, கழித்து, அடுத்த வரிசைக்குப் போகிறார்கள்.

அதை எடு. விடுப்புக்கு அது இனித் தேவையில்லை, நான் ஏற்கெனவே படுத்தாயிற்று. மூன்று பேரைக் கழிக்க உனக்குத் தைரியம் வரும்போது கழி. இதற்குத் தைரியம் வேண்டாம், ஒரு விரல் போதும்.

அக்கா


ஈப்போ
27 அக்டோபர் 2025

தர்மா,

தீபாவளிக்கு நீ வருவாய் என்று உன் மச்சான் இரண்டு தடவை கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். உடம்பு சரியில்லையா? ஃபோன் அடித்துக்கொண்டே இருக்கிறது, நீ எடுப்பதில்லை. காஜாங்கில் உன் அறைக்குப் பக்கத்து ஆள், நீ காலையில் வேலைக்குப் போவதாகச் சொன்னார். அதனால் நீ நலம் என்று வைத்துக்கொள்கிறேன்.

பிள்ளைகள் நலம். பாலத்தில் இன்னும் தடுப்பு போடவில்லை.

இங்கே அசைவு நேற்றைவிடக் குறைவு. குறைவுதான், இல்லாமல் இல்லை என்று நர்ஸ் சொல்கிறார். நான் என் கையை எடுக்காமல் வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை ஒரு கையால் எழுதுகிறேன், உன் மச்சான் காகிதத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

நீ போட்ட நாள் வெள்ளிக்கிழமை. இன்று திங்கள்.

அந்தத் தேதியை அழி. அழித்துவிட்டேன் என்று ஒரே ஒரு வரி எழுது.